வெள்ளை நிலத்தில் சோளம்: சாஹேல் உழவரின் ஒரு ஹெக்டேரை மீட்க முழுமையான வழிகாட்டி

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் வடக்கில் யாத்தெங்கா என்றொரு மாகாணம் இருக்கிறது. அங்கே பேசப்படும் மோரே மொழியில் ஒரு வகை நிலத்தை 'ஸிப்பெலே' என்பார்கள். 'வெள்ளை இடம்' என்று பொருள். மேல்மண் மழையோடும் காற்றோடும் போய்விட்டது. மிச்சமிருந்த மண் வெயிலில் இறுகி, மேலே ஓடு கட்டிவிட்டது. புல் இல்லை, செடி இல்லை. மழை பெய்தாலும் மொட்டை மாடியில் விழுந்த மாதிரி வழிந்து ஓடிவிடும்.

அப்படிப்பட்ட நிலத்தில்தான் 1980-களிலிருந்து அந்த ஊர்க்காரர்கள் சோளமும் கம்பும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேலையை ஒரு ஹெக்டேர் அளவில், அதாவது இரண்டரை ஏக்கரில், காய்ந்த மாதங்களில் தொடங்கித் தானியம் மூட்டைக்குள் போகும்வரை வரிசையாகச் சொல்கிறேன். நமக்கும் இதில் ஒரு சொந்தம் உண்டு. நாம் விதைக்கும் கம்பு, சோளம், கேழ்வரகு, தட்டைப்பயறு நான்குமே ஆப்பிரிக்க மண்ணில் பயிராக உருவாகி, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவுக்கு வந்தவை.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: வரிசை. தண்ணீர் முதலில், எரு அடுத்து, விதை அதற்கு அப்புறம், மரம் கூடவே, சேமிப்பு கடைசியில். பருவநிலை மாற்றம் என்று பேச்செடுத்தாலே புது விதையிலிருந்து தொடங்குகிறவர்கள் நிறையப் பேர். வறட்சி தாங்கும் விதை நல்லதுதான். ஆனால் ஓடு கட்டிய நிலத்தில் எந்த உயர்ந்த விதையைப் போட்டாலும் அதன் வேருக்கு நாலு நாள் ஈரம் நிற்காது.

வரிசை ஏன் இப்படி என்பதற்கு மழையே காரணம். சஹாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பை ஒட்டிக் கிடக்கும் சாஹேல் பகுதி 1968 முதல் 1973 வரை கடும் வறட்சியில் சிக்கியது. 1984-இல் மறுபடியும் அடி விழுந்தது. அதற்குப் பிறகு ஆண்டு மழை ஓரளவு திரும்பி வந்தது உண்மை. ஆனால் வரும் விதம் மாறிவிட்டது. 35 ஆண்டு செயற்கைக்கோள் பதிவுகளை வைத்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, மிகக் கடுமையான புயல்மழைகள் 1982-இல் இருந்ததைவிட மூன்று மடங்காகியிருப்பதைக் காட்டியது. ஒரே மாலையில் கொட்டித் தீர்க்கிறது, அப்புறம் இரண்டு வாரம் வானம் பளிச்சென்று இருக்கிறது. மொத்தக் கணக்கில் பார்த்தால் மழை குறையவில்லை, பயிரின் கணக்கில் பார்த்தால் குறைந்துவிட்டது. ஆகவே அந்த ஒரு மாலை மழையைப் பிடித்து வைக்கிறவருக்குத்தான் அடுத்த இரண்டு வாரம் சொந்தம்.

முதல் படி: எந்த நிலம், யாருடைய நிலம்

இந்த முறை ஆண்டுக்குச் சுமார் 300 முதல் 800 மில்லிமீட்டர் மழை பெறும் இடத்துக்கு ஏற்றது. அதற்குக் கீழே போனால் குழி நிரம்பாது. மேலே போனால் குழியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். மணல் நிலத்தில் குழியின் ஓரம் சரிந்து மூடிக்கொள்ளும், அங்கே வேண்டாம். பள்ளமான, தண்ணீர் தேங்கும் இடமும் வேண்டாம். லேசாகச் சரிந்த, ஓடு கட்டிய இறுகிய நிலம்தான் சரியான இடம். வேறு எதற்கும் உதவாத நிலம் என்று எல்லோரும் கைவிட்டதாகப் பார்த்து எடுக்கலாம்.

முடிந்தால் முந்தைய மழைக்காலத்திலேயே, மழை பெய்யும்போதே நிலத்தில் இறங்கி நடந்து பார்க்க வேண்டும். தண்ணீர் எந்த மூலையில் நுழைகிறது, எங்கே சேர்ந்து வேகம் எடுக்கிறது, எங்கே மண்ணை அரிக்கிறது என்பது அந்த அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்று, நிலம் யாருடையது என்பது. இரவல் நிலமாக இருந்தால் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எத்தனை ஆண்டுக்கு என்று பேசி முடித்துவிட்டுத்தான் குழியில் கை வைக்க வேண்டும். வெட்டவெளியாகக் கிடந்தபோது யாரும் கேட்காத நிலம், விளைந்ததும் உரிமை கொண்டாட ஆள் வந்துவிடும். பெண்களுக்குப் பெரும்பாலும் ஊரிலேயே மோசமான துண்டுதான் ஒதுக்கப்படுகிறது, அதுவும் வாய்ச்சொல்லாக. அவர்கள் இந்தப் பேச்சை முதலிலேயே முடித்துக்கொள்வது மிகவும் முக்கியம்.

இரண்டாம் படி: கல் வரப்பு

மேலிருந்து பாய்ந்து வரும் தண்ணீரின் வேகத்தைக் குறைக்காமல் குழி தோண்டினால், முதல் பெருமழையே குழிகளை மண்ணால் மூடிவிடும். அதனால் முதலில் வரப்பு. மண் வரப்பு உடைத்துக்கொண்டு போகும். கல் வரப்பு தண்ணீரைத் தடுக்காது, மெதுவாக்கி வடிய விடும். அந்த இடைவெளியில் வண்டலும் சருகும் விதைகளும் வரப்புக்கு மேல்புறம் தங்கிவிடும்.

இதன் கதையை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். 1979-இல் ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் யாத்தெங்காவில் ஒரு திட்டம் தொடங்கியது. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் மரம் வளர்க்கக் கையாண்ட நீர்ப்பிடிப்பு முறையை இங்கே கொண்டுவந்து மரம் நட வேண்டும் என்பது எண்ணம். ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். தண்ணீர் நிற்கிறது, சரி, அதில் மரம் எதற்கு, சோளம் போடுவோம் என்றார்கள். கல் அடுக்கும் பழக்கம் அவர்களிடம் முன்பே இருந்தது. ஆனால் சம உயரத்தில் அடுக்கக் கண்பார்வை போதவில்லை, ஏனென்றால் அந்த நிலத்தின் சரிவு கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. அதற்குக் கிடைத்த கருவி ஒரு நீண்ட ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய். நம் ஊர் கொத்தனார்கள் தளம் போடும்போது பிடிக்கிற டியூப் லெவல் இருக்கிறதல்லவா, அதேதான். எழுத்துத் தெரியாதவர்களும் ஓரிரு நாளில் கற்றுக்கொண்டார்கள். விஞ்ஞானம் உழவருக்கு எப்படி உதவ வேண்டும் என்று கேட்டால் நான் இந்தக் குழாயைத்தான் காட்டுவேன். அவர் செய்துகொண்டிருந்ததை மாற்றவில்லை, அதில் இருந்த ஒரே பிழையை நீக்கியது.

செய்முறை இதுதான். ஒரே உயரமுள்ள இரண்டு கம்புகளில் குழாயின் இரு முனைகளையும் கட்டி, குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்ப வேண்டும். ஒருவர் நின்ற இடத்தில் நிற்க, மற்றவர் நகர்ந்து நகர்ந்து இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வரும் புள்ளியைப் பிடிக்கிறார். அங்கே ஒரு முளை. அப்புறம் பின்னால் நிற்பவர் முன்னால் வருகிறார். இப்படியே நிலத்தின் குறுக்கே ஒரு சம உயரக் கோடு கிடைக்கும். கோடு நெளிந்து நெளிந்துதான் போகும், நேராக்கிவிடக் கூடாது. சிறிய கோணல்களை மட்டும் தணிக்கலாம்.

கோட்டில் 5 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சால் பறித்து, பெரிய கற்களை அடியில் நெருக்கமாக வைத்து, சிறிய கற்களை மேல்புறத்தில் சொருகி, 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை அடுக்க வேண்டும். சரிவைப் பொறுத்து 20 முதல் 50 மீட்டருக்கு ஒரு வரப்பு. வரப்பை ஒட்டி ஆந்த்ரோபோகான் என்னும் உயரமான புல்லை விதைத்துவிட்டால் சில ஆண்டுகளில் அதுவே வேலியாகும். பாய் முடையவும் கூரைக்கும் பயன்படும்.

கல் எடுத்து வருவதுதான் இதில் உயிர் போகிற வேலை. தனி ஆளால் ஆகாது. யாத்தெங்காவில் 1960-களின் இறுதியிலிருந்தே 'நாம்' என்ற இளைஞர் குழுக்கள் உண்டு. காய்ந்த மாதங்களில் முறைவைத்து ஒருவர் நிலத்தில் எல்லோரும் இறங்குவார்கள். பக்கத்தில் கல்லே இல்லாத ஊரில் வரப்பு இடத்தில் புல் வரிசை போட்டுச் சமாளிக்க வேண்டியதுதான்.

மூன்றாம் படி: ஸாய் குழி

இதுதான் இந்த வழிகாட்டியின் இதயம். 'ஸாய்' என்பது விடியலில் எழுந்து நிலத்தைத் தயார் செய்ய விரைவதைக் குறிக்கும் மோரே சொல்லிலிருந்து வந்தது. பக்கத்து நாடான நைஜரில் ஹவுசா மொழியில் இதையே 'தஸ்ஸா' என்கிறார்கள்.

பழைய ஸாய் சின்னக் குழி. அதை அகலப்படுத்தி, ஆழப்படுத்தி, உள்ளே எரு போட்டு மாற்றியமைத்தவர்கள் உழவர்களே. அவர்களில் உலகம் அறிந்தவர் கூர்கா கிராமத்தின் யகூபா ஸவாதோகோ. சந்தையில் கடை வைத்திருந்தவர் 1980 வாக்கில் கடையை விட்டுவிட்டு நிலத்துக்குத் திரும்பினார். காய்ந்த காலத்தில் போய்க் கட்டாந்தரையைக் கொத்துகிறானே, பைத்தியமா என்றார்கள். அவர் வளர்த்த மரங்களுக்குத் தீ வைக்கவும் செய்தார்கள். அவர் நிறுத்தவில்லை. 1984-இலிருந்து தன் ஊரில் ஆண்டுக்கு இருமுறை உழவர் கூடும் நாள் ஒன்றை நடத்தினார். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் விதை கொண்டுவந்து மாற்றிக்கொண்டு, குழி போடுவதைப் பார்த்துப் போனார்கள். 2018-இல் 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது பெற்றார். 2023 டிசம்பரில் காலமானார்.

குழி போடும் காலம் நவம்பர் முதல் மே வரை. அறுவடை முடிந்ததும் தொடங்குவது நல்லது, காற்றடிக்கும் மாதங்களில் பறந்து வரும் சருகும் மண்ணும் குழியில் சேரும். கருவி, 'தபா' எனப்படும் குட்டைப் பிடி மண்வெட்டி. அளவு: 20 முதல் 40 சென்டிமீட்டர் விட்டம், 10 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம். குழிக்குக் குழி 80 சென்டிமீட்டர் விட்டால் ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 15,600 குழி வரும். முதல் வரிசையின் இரண்டு குழிகளுக்கு நடுவில் இரண்டாம் வரிசையின் குழி விழ வேண்டும். அப்போதுதான் ஒன்றில் தப்பிய தண்ணீர் அடுத்ததில் விழும்.

தோண்டிய மண்ணை எங்கே போடுகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். கீழ்ச்சரிவுப் பக்கம் பிறை வடிவில் குவிக்க வேண்டும். மேல்பக்கம் போட்டால் வரும் தண்ணீரை நாமே தடுத்ததாகிவிடும். குழிகளுக்கு இடையில் இருக்கும் ஓடு கட்டிய தரையைக் கொத்த வேண்டாம், அப்படியே இருக்கட்டும். இத்தனை நாள் எதிரியாக இருந்த அந்த ஓடுதான் இனி கூரை மாதிரி வேலை செய்து, தன்மேல் விழும் மழையைக் குழிக்கு அனுப்பும்.

ஜூன் மாதத்தில் ஒரு மழை பெய்து ஓய்ந்ததும் போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். சுற்றிலும் தரை ஒரு மணி நேரத்தில் வெளுத்துவிட்டிருக்கும். குழிக்குள் விரல் விட்டால் மணிக்கட்டு வரை குளிர்ச்சியாக இருக்கும்.

உழைப்பு எவ்வளவு? ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 300 மணி நேரம். நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் இரண்டு மாதம். அதனால் முதல் ஆண்டில் கால் ஹெக்டேர் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. புர்கினா ஃபாசோவின் தேசிய வேளாண் ஆய்வு நிறுவனமான இனேரா உருவாக்கியது அது. மாடு பூட்டிய குறுகிய கொழுவால் நிலத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, கோடுகள் வெட்டும் இடத்தில் மட்டும் குழி எடுப்பது. ஓடு ஏற்கெனவே உடைந்திருப்பதால் வேலை 50 மணி நேரமளவுக்குக் குறைந்துவிடும். ஆனால் ஓரளவாவது ஈரம் இருக்கும்போது கீற வேண்டும், கோடை உச்சத்தில் மாடு திணறிப்போகும்.

பலன் என்ன? பல ஆண்டுகள் யாத்தெங்காவைத் தொடர்ந்து கவனித்த நெதர்லாந்து ஆய்வாளர் கிறிஸ் ரெய் போன்றவர்களின் பதிவுகள்படி, ஒன்றுமே விளையாத நிலத்தில் மழை குறைந்த ஆண்டில் ஹெக்டேருக்கு 300 முதல் 400 கிலோ, நல்ல ஆண்டில் 1,500 கிலோ வரை தானியம் கிடைத்திருக்கிறது. 1989-இல் நைஜரின் இல்லேலா வட்டாரத்திலிருந்து 13 உழவர்கள் யாத்தெங்காவுக்கு வந்து பார்த்துப் போனார்கள். அடுத்த ஆண்டு வறட்சி. ஊரில் குழி போட்ட வயல்கள்தான் பேர் சொல்லும்படி விளைந்தன. அதற்கப்புறம் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

மேய்ச்சல் நிலம், அல்லது இன்னும் மழை குறைந்த இடம் என்றால் அரைநிலா. 4 மீட்டர் விட்டமுள்ள அரைவட்டக் குழி, ஹெக்டேருக்கு 313. மற்றபடி கொள்கை ஒன்றே.

நான்காம் படி: எருவும் கரையானும்

எரு இல்லாத ஸாய் வெறும் தண்ணீர்க் குழி. மழைக்கு முன் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு கைப்பிடி, சுமார் 300 கிராம், மக்கிய எரு போட்டு மெல்லிய மண் தூவி மூட வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு நாலரை டன்னுக்கு மேல் வரும். கால் ஹெக்டேரில் தொடங்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இதுதான்: பலரிடம் குழி தோண்ட உடம்பு இருக்கிறது, நிரப்ப எரு இல்லை. அதனால் எருக்குழியை முந்தைய ஆண்டிலேயே தொடங்கிவிட வேண்டும். சோளத்தட்டை, சாணம், சாம்பல், வீட்டுக் குப்பை, மேலே மண், நனைத்தல், மறுபடி தட்டை. புர்கினா ஃபாசோவின் கிழக்கே கோஜாரியில் பாஸ்பேட் பாறை கிடைக்கிறது. அந்தப் பொடியை எருக்குழியில் கலந்தால், அங்குள்ள மண்ணில் எப்போதும் பற்றாக்குறையாக இருக்கும் பாஸ்பரஸ் கொஞ்சம் ஈடாகும்.

எருவின் வாசத்துக்குக் கரையான் வரும். பதறி மருந்து தெளிக்க வேண்டாம். உழவர்கள் அதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். கரையான்கள் குழியின் அடியில் வளை வளையாகத் துளைக்கின்றன, ஓட்டுக்கு அடியில் இருக்கும் இறுகிய மண்ணில் தண்ணீர் இறங்க வழி உண்டாகிறது, கீழ்மண் சத்து மேலே வருகிறது. கூலி கேட்காமல் ஆழ உழுகிற வேலையாட்கள்.

ஐந்தாம் படி: விதையும், விதைக்கும் நாளும்

சாஹேலின் நாட்டுச் சோளத்துக்கும் கம்புக்கும் ஓர் அருமையான குணம் உண்டு. பகல்பொழுதின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும். ஜூனில் விதைத்தாலும் ஜூலையில் விதைத்தாலும் மழை முடியும் தறுவாயில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கதிர் தள்ளும். மழை எப்போது தொடங்கும் என்று தெரியாத நாட்டில் இதைவிட நல்ல காப்பு கிடையாது. புது ரகம் வந்தது என்று இதை முழுக்கக் கைவிடக் கூடாது. பாதி நிலத்தில் நாட்டு ரகம், இன்னொரு பகுதியில் சீக்கிரம் விளையும் ரகம், ஊடே தட்டைப்பயறு என்று பிரித்துப் போடுவதுதான் என் பரிந்துரை. இனேரா வெளியிட்ட தட்டைப்பயறு ரகங்கள் சில இரண்டு மாதத்தில் காய்த்துவிடும். தானியம் தீர்ந்து கதிர் வராத ஆகஸ்ட் பசியில் முதலில் உலை ஏறுவது அதுதான்.

மெலிந்த நிலத்தில் ஸ்ட்ரைகா என்ற ஒட்டுண்ணிக் களை சோளத்தின் வேரைப் பிடித்து உறிஞ்சும். அழகான ஊதாப்பூ, உழவருக்கு அதைப் பார்த்தாலே வயிறு கலங்கும். சோள வேர் சுரக்கும் ஒரு வேதிப்பொருளை மோப்பம் பிடித்துத்தான் அதன் விதை முளைக்கிறது. அந்தச் சுரப்பு குறைந்த சோளங்களைக் கண்டறிந்து எதிர்ப்புத்திறன் உள்ள ரகங்களை உருவாக்கிய எத்தியோப்பிய அறிஞர் கெபிசா எஜெடாவுக்கு 2009-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அப்படிப்பட்ட ரகம் கிடைக்காவிட்டாலும் குழியில் எருவும் ஊடே பயறும் இருந்தால் ஸ்ட்ரைகாவின் கொட்டம் குறையும். பூக்கும் முன் பிடுங்கி எரித்துவிட வேண்டும், ஒரே செடி பல்லாயிரம் விதை விடும்.

சரி, எந்த நாளில் விதைப்பது? முதல் மழையைக் கண்டதும் விதைத்துவிட்டு, இரண்டு வாரம் காய்ந்து முளை கருகி, மறுபடி விதை வாங்க அலைவதுதான் பெரிய இழப்பு. நைஜர் தலைநகர் நியாமேயில், வறண்ட நிலப் பயிர்களுக்கான பன்னாட்டு ஆய்வு நிறுவனமான இக்ரிசாட்டின் மையத்தில் பணியாற்றிய இந்திய அறிஞர் எம்.வி.கே. சிவகுமார் 1988-இல் வகுத்த ஓர் அளவுகோலை இன்றும் பின்பற்றுகிறார்கள்: மே 1-க்குப் பிறகு, மூன்று நாளில் சேர்ந்து 20 மில்லிமீட்டர் பெய்து, அடுத்த 30 நாளில் 7 நாளுக்கு மேல் காயாமல் இருந்தால் அதுவே பருவத்தின் தொடக்கம். முதல் பாதியை வயலில் ஒரு மழைமானி வைத்து நீங்களே அளந்துவிடலாம். இரண்டாம் பாதிக்கு வானிலை அறிவிப்பு வேண்டும். ஆனால் ஸாய் குழிக்காரருக்கு இந்த இரண்டாம் பாதியின் பயம் குறைவு. நிரம்பிய குழி, நடுவில் மழை இல்லாமல் காயும் நாட்களைத் தாண்டிவிடும்.

அறிவிப்பை ஊர்மொழியில் கொண்டு சேர்ப்பதில் செனகல் நல்ல முன்மாதிரி. 2011-இல் காஃப்ரின் வட்டாரத்தில் வானிலைத் துறை, வேளாண் அலுவலர்கள், உழவர்கள் சேர்ந்து உட்கார்ந்து, முன்னறிவிப்பை எப்படிச் சொன்னால் விளங்கும் என்று பேசினார்கள். பிறகு அது சமுதாய வானொலிகள் வழியே நாடெங்கும் பரவியது. 'இயல்பைவிட அதிக மழைக்கு வாய்ப்பு' என்று சொன்னால் போதாது, எப்போது விதைக்கலாம், எந்த ரகம், உரம் இந்த வாரமா அடுத்த வாரமா என்று சொல்ல வேண்டும். பருவ முன்னறிவிப்பு நிச்சயமல்ல, வாய்ப்புதான். அதை நம்பி மொத்த நிலத்தையும் ஒரே பயிரில் வைத்துவிடக் கூடாது.

விதையைத் தண்ணீரில் 8 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் ஒரு மணி நேரம் உலர்த்தி விதைத்தால் முளைப்பு ஒரே சீராக வரும். காசு செலவில்லாத வேலை. குழிக்கு எட்டுப் பத்து விதை போட்டு, வளர்ந்ததும் மூன்றை விட்டுக் கலைத்துவிட வேண்டும்.

ஆறாம் படி: மூன்று விரல் உரம்

உரம் வாங்க முடியாது என்று பல வீடுகள் அந்தப் பக்கமே போவதில்லை, காரணம் மூட்டைக் கணக்கில் சிபாரிசு செய்யப்பட்டதுதான். இக்ரிசாட்டும் கூட்டு நிறுவனங்களும் கண்டது வேறு. வயல் முழுக்கத் தூவாமல் தூருக்கு மட்டும் கொடுத்தால் மிகக் கொஞ்சம் போதும். கலப்பு உரமென்றால் தூருக்கு 6 கிராம், சோடா பாட்டில் மூடி ஒன்று அல்லது மூன்று விரலால் எடுக்கும் ஒரு பிடி. டி.ஏ.பி. என்றால் 2 கிராம், நம் 15,600 குழிக்கு 31 கிலோ. மேற்கு ஆப்பிரிக்க வயல்களில் சோளமும் கம்பும் இதனால் 44 முதல் 120 சதவீதம் வரை கூடுதலாக விளைந்திருக்கின்றன. மண் ஈரமாக இருக்கும்போது, செடியைத் தொடாமல், விரல் ஆழத்தில் வைத்து மூட வேண்டும்.

ஏழாம் படி: மரத்தை நட வேண்டாம், விட்டுவிட்டால் போதும்

1983-இல் நைஜரின் மராதி அருகே ஆஸ்திரேலியரான டோனி ரினாடோ, நட்ட கன்றுகள் எல்லாம் செத்துக்கொண்டிருந்த வெறுப்பில் இருந்தார். மணலில் வண்டி ஓட்ட டயரில் காற்றைக் குறைக்க இறங்கியவர், பக்கத்தில் இருந்த ஒரு புதரின் இலையை உற்றுப் பார்த்தார். அது புதரல்ல, வெட்டப்பட்ட மரத்தின் தூரிலிருந்து துளிர்த்தது. வயல் முழுவதும் அப்படித் தூர்கள் இருந்தன. அடியில் வேர் உயிரோடு இருக்கிறது, ஆண்டுதோறும் உழவுக்கு முன் வெட்டி எறிகிறோம், அவ்வளவுதான் விஷயம்.

அதன்பின் நைஜரில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் ஏறத்தாழ 20 கோடி மரங்கள் எழுந்ததை 2000-களில் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. நடவு செய்தவர் யாருமில்லை. உழவர்கள் வெட்டாமல் விட்டார்கள். அவர்கள் விட்டதற்கு ஒரு காரணமும் உண்டு. முன்பு மரம் அரசுக்குச் சொந்தம், வெட்டினால் அபராதம், ஆகவே வளர்ப்பதில் யாருக்கும் அக்கறையில்லை. அந்தக் கெடுபிடி தளர்ந்து மரம் தன்னுடையது என்ற நம்பிக்கை வந்த பிறகே மரங்கள் பிழைத்தன.

உங்கள் ஹெக்டேரில் செய்ய வேண்டியது: தூர்களைத் தேடி அடையாளம் வையுங்கள். ஒவ்வொரு தூரிலும் நேரான, வலுவான மூன்று முதல் ஐந்து தளிர்களை விட்டு மற்றவற்றை வெட்டுங்கள். விட்டவற்றில் கீழ்ப்பாதிக் கிளைகளைக் கவாத்து செய்யுங்கள். ஆண்டுக்கு ஒரு தண்டு விறகுக்கு, இன்னொன்று வளரட்டும். எருவில் கலந்து வந்த மர விதைகள் ஸாய் குழியிலேயே முளைக்கும். அறுவடையில் சோளத்தட்டையை முழங்காலுக்கு மேல் விட்டு அறுத்தால் அந்தக் கன்றுகளை வெயிலும் காற்றும் ஆடும் எளிதில் தொடாது. ஸவாதோகோவின் காடு அப்படித்தான் வந்தது.

எந்த மரத்தையாவது ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் 'காவோ'வைக் காப்பாற்றுங்கள். மற்ற மரங்களுக்கு நேர்மாறாக மழைக்காலத்தில் இலையுதிர்த்து வெயிலில் துளிர்க்கும். பயிருக்கு நிழல் மறைப்பதில்லை, இலை உரமாகிறது, கோடையில் அதன் காயை ஆடுமாடு தின்கிறது.

எட்டாம் படி: விளைந்ததை விட்டுவிடாமல்

இத்தனை பாடுபட்டு எடுத்த தட்டைப்பயறை ஒரு சின்ன வண்டு நான்கு மாதத்தில் மாவாக்கிவிடும். காயில் முட்டை வயலிலேயே விழுந்துவிடுகிறது, புழு பயறுக்குள் இருந்தபடியே வீட்டுக்கு வருகிறது. அதனால் வண்டு வரும் என்ற பயத்தில் அறுவடைச் சந்தையிலேயே அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

1980-களின் இறுதியில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தின் லாரி மர்டாக்கும் கேமரூன் ஆய்வாளர்களும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். இரண்டு தடித்த பிளாஸ்டிக் பைகள், அவற்றின் மேல் ஒரு நெய்த சாக்கு. காற்றுப் புகாமல் கட்டினால் உள்ளே இருக்கும் வண்டுகளே ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு ஒடுங்கிச் செத்துவிடும். மருந்து இல்லை. அதுதான் பிக்ஸ் பை.

முதலில் ஈரம் பார்க்க வேண்டும். காய்ந்த கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் தானியமும் உலர்ந்த உப்பும் போட்டுக் குலுக்கிச் சற்றுநேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் இன்னும் காயவில்லை. அடுத்து, பையில் காற்றை ஊதி, வாயைப் பிடித்து அழுத்தி, ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். தானியத்தை உள்பையில் கொட்டி, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயைக் கயிறு மாதிரி முறுக்கிக் கட்டி, முறுக்கியதை மடித்து அதன்மேல் இன்னொரு கட்டு. அதே மாதிரி இரண்டாம் பை, அப்புறம் சாக்கு. சுவரை ஒட்டாமல் மரப்பலகை மேல் வைத்து, சில மாதங்களுக்குத் திறக்காதீர்கள். திறக்கும் ஒவ்வொரு தடவையும் காற்று உள்ளே போய் வண்டுக்கு மூச்சு கொடுக்கிறது.

பணம் உடனே வேண்டும் என்றால்? நைஜரிலும் புர்கினா ஃபாசோவிலும் 'வாரண்டாஜ்' என்ற ஏற்பாடு உண்டு. அறுவடையில் தானியத்தை ஊர்க் கிடங்கில் வைத்துப் பூட்டி, ஒரு சாவி குழுவிடமும் ஒரு சாவி கடன் தரும் சங்கத்திடமும் இருக்கும். அந்த இருப்பின் பேரில் கடன். விலை ஏறியதும் விற்று அடைத்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம். மகன் கல்யாணத்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் விளைந்ததை வந்த விலைக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

இதில் எந்தப் படியும் துப்பாக்கிச் சத்தத்துக்கு முன் நிற்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். புர்கினா ஃபாசோவில் 2023 மார்ச்சில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்து இருந்தார்கள், யாத்தெங்காவும் அந்தத் துயரத்தில் சிக்கிய பகுதி. நிலத்தை மீட்டவர்களில் பலர் அந்த நிலத்துக்குப் போக முடியாமல் இருக்கிறார்கள். இடம்பெயர்ந்தவர்களுக்கு உதவுகிறவர்கள் ஊரோரத்துத் தரிசில் இரண்டு சென்ட் கிடைத்தாலும் இந்தக் குழிகளைப் போட்டுக் கொடுக்கலாம். தபாவும் எருவும் ஒரு டியூபும் இருந்தால் போதும்.

இரண்டாம் ஆண்டு

பழைய குழிகளைத் தூர்வாரி எரு போட்டு மறுபடி விதைக்கலாம், வேலை முதல் ஆண்டில் பாதிகூட இருக்காது. அல்லது பழைய குழியில் பயறைப் போட்டுவிட்டு, குழிகளுக்கு இடையில் இருக்கும் ஓட்டில் புதுக்குழி எடுக்கலாம். சில ஆண்டுகளில் நிலம் முழுக்க உடைந்து, மாடு பூட்டி உழுகிற அளவுக்கு மண் இளகிவிடும். அதற்குள் பக்கத்தில் கைவிடப்பட்ட இன்னொரு கால் ஹெக்டேரைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அறுவடைத் தட்டையில் ஒரு பங்கை மாட்டுக்குப் போடாமல் இப்போதே எருக்குழிக்கு ஒதுக்கினால்தான் அடுத்த நவம்பரில் அங்கே தபாவை எடுத்துக்கொண்டு போக முடியும்.